ஆச்சி பதில்கள்: முதல் தடவை சபைக்குப் போய் வந்தவர்களுக்கு

பெந்தெகொஸ்தே சபைக்கு முதல் முறையாகப் போய் மிரண்டுபோய் வந்ததாகப் போன இதழில் ஒரு வாசகி ரெண்டு வரி எழுதியிருந்தார். அவ்வளவுதான், அதற்கப்புறம் வந்த தபாலில் முக்கால்வாசி அதைப் பற்றியே. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வெறும் திட்டாக வந்த கடிதங்களுக்கு இடம் இல்லை, இரண்டு பக்கத்துத் திட்டுக்கும்தான்.

ஆச்சி, எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்காவின் மகளுக்கு ரொம்ப வருஷம் கழித்துக் குழந்தை பிறந்திருக்கிறது. ஸ்தோத்திர ஆராதனை, கட்டாயம் வரணும் என்று கூப்பிட்டார், போனேன். தகரக் கூரை, பாய், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாதிப் பேர் வெள்ளைச் சேலை. பாட்டு வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. திடீரென்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தி ஜெபிக்க ஆரம்பித்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மா அழுதுகொண்டே தமிழும் இல்லாத இங்கிலீஷும் இல்லாத ஏதோ பாஷை பேசினார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு மனசு லேசாக இருந்தது, அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. அங்கே என்ன நடந்தது?
வாசகி, காரைக்குடி

பயப்படும்படி ஒன்றும் நடக்கவில்லை ஆத்தா. நமக்குப் பழக்கமான இடங்களில் நமக்காகச் சத்தம் போட ஒருவர் இருப்பார். கோவிலில் பேர், நட்சத்திரம் சொன்னால் குருக்கள் அர்ச்சனை செய்வார், நாம் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் கேட்டுக்கொள்வோம். மாதா கோவில் பூசையிலும் சாமியார் சொல்லச் சொல்ல மக்கள் பதில் சொல்வார்கள். பெந்தெகொஸ்தே சபையில் அந்த இடையாள் கிடையாது, அவரவர் மனுவை அவரவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எல்லோரும் ஒரே சமயத்தில் சொல்வதால் அது இரைச்சலாக நம் காதில் விழுகிறது.

நானும் சில தடவை போயிருக்கிறேன், வேண்டியவர்கள் வீட்டு விசேஷங்களுக்காக. ஒரு தடவை முன்வரிசையில் ஒரு அம்மா, ஜிப் வைத்த பைபிள் உறையை மடியில் கவிழ்த்து வைத்து அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, மகன் பேரையும் ஒரு கடன்காரன் பேரையும் மாறி மாறிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு முழம் தள்ளி ஒரு குழந்தை அத்தனை டிரம் சத்தத்திலும் வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. யாரும் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள், அவரவருக்கு அவரவர் கடன்காரன். அப்போதுதான் எனக்கு ஒன்று பட்டது, அந்தச் சத்தம் ஒரு மறைப்பு. வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி நாலு அறை, ஒவ்வொரு அறையிலும் ஒரு குடும்பம், இரண்டாங்கட்டில் மாமியார் என்று இருக்கிற வீட்டில் ஒரு பெண் எங்கே போய் வாய்விட்டு அழுவாள்? தெருவில் அழுதால் ஊரே காரணம் கேட்கும். அங்கே ஐம்பது பேருக்கு நடுவில் அழலாம், ஒருத்தர் காதிலும் விழாது. இந்த ஒரு காரணத்துக்காகவே வருகிற பெண்கள் நிறையப் பேர் என்பது என் அபிப்பிராயம், பாஸ்டர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தப் புரியாத பேச்சுக்கு வருகிறேன். அதை அந்நிய பாஷை என்பார்கள். இயேசு உயிர்த்து 50-ஆம் நாளில் பரிசுத்த ஆவி இறங்கிச் சீடர்கள் வேறு வேறு பாஷைகளில் பேசினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 2-ஆம் அதிகாரத்தில் வருகிறது, சபையின் பேரே அந்த நாளை வைத்துத்தான். அன்றைக்கே வேடிக்கை பார்த்தவர்கள் "இவர்கள் குடித்திருக்கிறார்கள்" என்று பரிகாசம் செய்தார்களாம். பேதுரு எழுந்து, இன்னும் காலை 9 மணிகூடத் தாண்டவில்லையே என்கிற மாதிரி பதில் சொல்கிறார், எனக்குப் பிடித்த பதில் அது. பிறகு அப்போஸ்தலர் பவுல் கொரிந்து ஊர்ச் சபைக்கு எழுதும்போது உங்களைப் போன்ற ஆளையே நினைத்துப் பேசுகிறார்: எல்லோரும் சேர்ந்து அந்நிய பாஷை பேசும்போது வெளியாள் உள்ளே வந்தால் உங்களைப் பைத்தியம் என்று சொல்ல மாட்டானா? ஆகவே இரண்டு மூன்று பேர் மட்டும், அதுவும் ஒருவர் பின் ஒருவராக, அர்த்தம் சொல்ல ஆள் இருந்தால் மட்டும் பேசுங்கள் என்கிறார். 1 கொரிந்தியர் 14-ஆம் அதிகாரம், வேண்டுமானால் அந்த அக்காவின் பைபிளிலேயே வாங்கிப் படியுங்கள். அந்த ஒழுங்கைக் கைவிட்ட சபைகள் நிறைய இருக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இருந்த மொழியியல் அறிஞர் வில்லியம் சமாரின் இதைப் பல வருஷம் ஆராய்ந்து 1972-இல் எழுதினார். பேசுகிறவருக்கு ஏற்கெனவே பழகிய ஒலிகள்தான் மாறி மாறி வருகின்றன, இலக்கணம் உள்ள மொழி அது இல்லை, அதே சமயம் அப்படிப் பேசுவது மனநோயும் இல்லை என்பது அவர் முடிவு. விசுவாசிகள் இதை ஏற்க மாட்டார்கள், அவர்களுக்கு அது தேவனோடு பேசுகிற பாஷை. நீங்கள் எதை எடுத்துக்கொண்டாலும் அந்த அம்மாவைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை.

இந்தப் பெந்தெகொஸ்தே வழிபாடு அமெரிக்காவில் 1906-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர் நடத்திய கூட்டங்களிலிருந்து உலகெங்கும் பரவியது என்று வழக்கமாகச் சொல்வார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக உட்காரவே முடியாத காலத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்து ஜெபித்த கூட்டம் அது. ஆனால் அதற்கு 46 வருஷம் முன்னாலேயே, 1860-இல், நம் திருநெல்வேலிச் சீமைப் பக்கம் அருளப்பன் என்ற தமிழ்ப் போதகரைச் சுற்றி இதே அழுகை, இதே அந்நிய பாஷை எல்லாம் நடந்திருக்கிறது. புனே பக்கம் கேட்கானில் பண்டித ரமாபாயின் முக்தி ஆசிரமத்துப் பெண்களிடம் 1905-இல் நடந்தது. ஆகவே எங்கிருந்தோ வந்து இறங்கிய சமாச்சாரம் என்று முழுக்கச் சொல்லிவிட முடியாது.

மனசு லேசானதற்குப் பயப்படாதீர்கள். பாட்டு, கைதட்டல், கூட்டம், அழுகை நாலும் சேர்ந்தால் யாருக்கும் லேசாகும், பழனிக்குப் பாதயாத்திரை போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் போய் உட்கார்ந்ததால் நீங்கள் எதுவும் ஆகிவிடவில்லை. ஞானஸ்நானம் என்பது நீங்களாகக் கேட்டு, பல வாரம் பாடம் கேட்டு, தண்ணீரில் முழுக எடுக்கிற முடிவு.

கருப்பர் கோவிலில் சாமி வந்து ஆடுவதும் இவர்கள் ஆடுவதும் ஒன்றுதானே ஆச்சி? பேர்தானே வேறு?
வாசகர், திருப்பத்தூர்

கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும், உடம்பு நடுங்குவது, கண் சொருகுவது, குரல் மாறுவது எல்லாம். ஆனால் சாமியாடி ஊருக்குத் தெரிந்த ஒருவர், பெரும்பாலும் வழிவழியாக வருகிறவர், காப்புக் கட்டி விரதம் இருந்து, மேளம் கொட்டி, அழைத்தால்தான் சாமி இறங்கும். மற்றவர்கள் எதிரில் நின்று குறி கேட்பார்கள், திருநீறு வாங்கிக்கொள்வார்கள். சபையிலோ ஆவியின் அபிஷேகம் எல்லோருக்கும் உண்டு என்பதுதான் உபதேசமே. பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்கும் வரும், பாஸ்டருக்கும் வரும், அவளுக்கு வந்தால் பாஸ்டரும் 'ஆமென்' சொல்லித்தான் ஆக வேண்டும். பரம்பரை, பங்காளி, முதல் மரியாதை ஒன்றும் அங்கே குறுக்கே வராது. நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

நீங்கள் 'ஒன்றுதான்' என்று ஒரு பாஸ்டரிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார், அது பிசாசு இது ஆவி என்பார். எனக்கு அங்கேதான் எரிச்சல். தன் சாமியை எவ்வளவு வேண்டுமானாலும் பாடட்டும், அடுத்தவர் குலதெய்வத்தைப் பிசாசு என்று மைக்கில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. ஒரு தடவை நடுவில் எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

என் நாத்தனார் சபைக்குப் போக ஆரம்பித்த பிறகு தோடு, வளையல், பூ, பொட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். தாலியையும் கழற்றச் சொல்வார்களா?
பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

சபைக்குச் சபை மாறும். பெந்தெகொஸ்தே என்பது ஒரே தலைமை உள்ள ஒரே சபை இல்லை. 1920-களில் கொழும்பில் தொடங்கி இப்போது சென்னை இரும்புலியூரைத் தலைமையிடமாக வைத்திருக்கும் பெந்தெகொஸ்தே மிஷன் ரொம்பக் கண்டிப்பு, நகை கூடாது, ஊழியர்கள் வெள்ளை உடுத்துவார்கள், கல்யாணம் செய்துகொள்வதில்லை. அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபைகளில் பட்டுச் சேலையும் வளையலுமாக வருகிறவர்களைப் பார்க்கலாம். தெருமுனையில் தனியாக நடக்கும் சபை என்றால் அந்தப் பாஸ்டர் வைத்ததுதான் சட்டம். தாலியும் அப்படித்தான், சிலர் எடுத்துவிடுவார்கள், சிலர் சிலுவை கோத்துக்கொள்வார்கள். சி.எஸ்.ஐ. கல்யாணத்தில் தாலியே கட்டுகிறார்கள்.

புற அலங்காரம் வேண்டாம், மனசின் அலங்காரம் போதும் என்று பேதுருவின் முதல் நிருபம் 3-ஆம் அதிகாரத்தில் வருவதைத்தான் ஆதாரம் காட்டுவார்கள். நாத்தனார் கழற்றியதை மட்டும் பார்க்காதீர்கள். பெண் பார்க்க வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைப் பார்க்கிற ஊர் நம்முடையது, சீர் வரிசையைப் பட்டாலையில் பரப்பி எண்ணுகிறோம். அடகுக் கடையில் நகை போய்விட்ட பெண் ஒரு விசேஷத்துக்கு வரக் கூசுவாள், சபையில் வெறுங்கழுத்தோடு உட்கார்ந்தால் அவளும் மற்றவர்களும் ஒன்று. கழற்றியது அவராகச் செய்தது என்றால் விட்டுவிடுங்கள். கழற்றிய நகை எங்கே போனது என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பீரோவில் இருந்தால் ஒன்றுமில்லை, காணிக்கையாகப் போயிருந்தால் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ள எதிர்வீட்டுத் தோழியைக் கூப்பிட்டேன், வருஷா வருஷம் வந்து பக்கத்தில் நிற்பவர். இந்த வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், கருப்பட்டிப் பணியாரம்கூடத் தொடவில்லை. சபையில் இப்படியா சொல்லிக்கொடுக்கிறார்கள்?
வாசகி, கானாடுகாத்தான்

படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பது உண்மை. ஆனால் அந்தக் கொரிந்தியர் நிருபத்திலேயே 10-ஆம் அதிகாரத்தில், ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டால் வைத்ததை ஒன்றும் கேட்காமல் சாப்பிடு, இது படைத்தது என்று யாராவது சொன்னால் மட்டும் தவிர்த்துவிடு என்றுதான் இருக்கிறது. முகத்தைத் திருப்பு என்று இல்லை. புதிதாகப் போனவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வருஷம் கெடுபிடி ஜாஸ்தியாக இருக்கும், அப்புறம் தளரும். நோன்பு அன்றைக்குக் கூப்பிடாதீர்கள், அவருக்கும் சங்கடம். மற்ற நாளில் சுட்ட பணியாரத்தைக் கொண்டுபோய், இது எங்கேயும் படைக்காதது என்று சொல்லிக் கொடுங்கள். வாங்கவில்லை என்றால் அது பைபிள் பிரச்சினை இல்லை, உங்கள் இருவருக்குள் வேறு ஏதோ இருக்கிறது.

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள், சருகணிக்கும் ஓரியூருக்கும் போகிறவர்கள். சொந்தக்காரர் கூப்பிட்டார் என்று ஒரு சபைக்குப் போனால், வாசலிலேயே "நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?" என்று கேட்கிறார்கள். நாங்கள் என்ன கிறிஸ்தவர்கள் இல்லையா?
வாசகர், தேவகோட்டை

அருளானந்தர் 1693-இல் தலை கொடுத்த ஓரியூருக்குப் போய் வருகிற உங்களிடம் போய் இப்படிக் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். அவர்கள் கணக்கில் பிறந்ததாலோ குழந்தையில் தண்ணீர் ஊற்றியதாலோ ஒருவர் கிறிஸ்தவர் ஆவதில்லை, வயது வந்து தானாக முடிவெடுத்து முழுக்கு ஞானஸ்நானம் பெற வேண்டும். உங்களிடம் மட்டும் இல்லை, சி.எஸ்.ஐ. காரர்களிடமும் கேட்பார்கள். "எங்கள் பங்குச் சாமியார் பார்த்துக்கொள்வார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

இன்னொன்று, அந்தக் கைதட்டலும் பாட்டும் பிடித்திருந்தால் அதற்காக வீடு மாற வேண்டியதில்லை. 1967-இல் அமெரிக்காவில் டுகேன் பல்கலைக்கழகத்துக் கத்தோலிக்க மாணவர்களிடம் தொடங்கிய அருங்கொடை இயக்கம், கரிஸ்மாட்டிக் என்பார்களே அது, உங்கள் திருச்சபைக்குள்ளேயே இருக்கிறது. கேரளாவில் முரிங்கூர் தியான மையத்துக்கு நம் பக்கத்திலிருந்து எத்தனை பேர் போய் வருகிறார்கள்.

காணிக்கைப் பை வந்தபோது என்னிடம் சில்லறை இல்லை, எல்லோரும் பார்த்த மாதிரி இருந்தது. வெறுங்கையோடு போகக் கூடாதா? தசமபாகம் என்று வேறு சொன்னார்கள்.
வாசகி, புதுவயல்

விருந்தாளி எதுவும் போட வேண்டாம், பையைப் பக்கத்தில் தள்ளிவிட்டால் போதும். தசமபாகம் என்பது வருமானத்தில் பத்தில் ஒன்று, மல்கியா 3-ஆம் அதிகாரத்தைக் காட்டிக் கேட்பார்கள், அது உறுப்பினர்களுக்கு. பேர் படித்து, தொகை படித்து, இன்னும் கொடுத்தால் இன்னும் ஆசீர்வாதம் என்று ஏலம் போடுகிற இடமாக இருந்தால் திரும்பப் போகாதீர்கள்.

என் அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும். சபையில் கை வைத்து ஜெபித்து எண்ணெய் பூசிவிட்டு, "சுகமாகிவிட்டது, மாத்திரை எடுத்தால் அவிசுவாசம்" என்று சொல்லிவிட்டார்கள். அம்மா நிறுத்திவிட்டார். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?
வாசகர், கல்லல்

தம்பி, இன்றைக்கே சர்க்கரையைப் பரிசோதித்துப் பாருங்கள், இதைப் படித்து முடித்த பிறகு இல்லை, இப்போதே. பிரஷர் மாத்திரையைத் திடீரென்று விட்டால் பக்கவாதம் வரைக்கும் போகலாம். இன்சுலின் போடுகிறவர் நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை, மனநல மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே பேச்சுத்தான். ஜெபித்தபின் உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும், சர்க்கரை அப்படித்தான், ஏறியிருக்கும்போது வலிக்காது.

அம்மாவிடம் டாக்டர் பேச்சைச் சொன்னால் எடுபடாது, அவர் நம்புகிற புத்தகத்திலிருந்தே சொல்லுங்கள். எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிற யாக்கோபு, மருந்தை விடு என்று எங்கேயும் சொல்லவில்லை. சுவிசேஷம் எழுதிய லூக்கா ஒரு வைத்தியர், பவுலே அவரைப் 'பிரியமான வைத்தியன்' என்கிறார். அதே பவுல் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்கோளாறுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்லி எழுதுகிறார், ஜெபித்தால் போதும் என்று விடவில்லை. ஒரு நல்ல பாஸ்டராகப் பார்த்து, மாத்திரையும் போடுங்கள் ஜெபமும் செய்யுங்கள் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தால் காரியம் சீக்கிரம் முடியும், அப்படிச் சொல்கிற பாஸ்டர்கள் தாராளமாக இருக்கிறார்கள். மாத்திரைச் செலவு ஒரு காரணமாக இருந்தால் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுங்கள்.

நிறுத்தச் சொன்னவரைச் சும்மா விடாதீர்கள், நேரில் போய்க் கேளுங்கள். சர்க்கரை நோயை மந்திர சக்தியால் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதற்கே 1954-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடை போட்டிருக்கிறது, எந்த மதத்துக்காரர் செய்தாலும். டிரம் சத்தம், அழுகை, அந்நிய பாஷை எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொள்வேன், ஒரு வயசான பெண்ணின் மாத்திரை டப்பாவில் கை வைப்பதைப் பொறுக்க மாட்டேன்.

நான் ஆதிதிராவிடர். நண்பனோடு சபைக்காரர்கள் நடத்திய ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போனேன், போட்டோவில் இருக்கிறேன். ஜாதிச் சான்றிதழுக்கு வம்பு வருமா?
கல்லூரி மாணவர், கோட்டையூர்

கூட்டத்துக்குப் போனதால் வராது. 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் உத்தரவுப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதி. கிறிஸ்தவத்துக்கு மாறினால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவீர்கள். ஞானஸ்நானம் எடுத்து, ஆலயத்துக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டே, வேலைக்காக மட்டும் இந்து என்று சான்றிதழ் கேட்டவரின் வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகவே தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் இதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். சமத்துவம் தேடி மாறுகிறவனிடமிருந்து சலுகையைப் பிடுங்குவது நியாயமா என்பது வேறு கேள்வி, எனக்கு நியாயமாகப் படவில்லை.

எங்கள் தெருவில் புதிதாக ஒரு சபை. ஞாயிறு காலை 9 மணிக்கு ஆரம்பித்தால் பகல் 1 மணி வரை ஸ்பீக்கர், வெள்ளிக்கிழமை ராத்திரி ஜெபம் வேறு. ஒரு தடவை உள்ளே போயும் பார்த்தேன், நல்ல மனுஷர்கள்தான், சத்தம்தான் தாங்கவில்லை. புகார் கொடுத்தால் மதப் பிரச்சினை ஆகிவிடுமோ?
ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

அண்ணே, இதற்குத் தீர்ப்பே இருக்கிறது, அதுவும் ஒரு பெந்தெகொஸ்தே சபை வழக்கிலேயே. சென்னையில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கத்துக்கும் ஒரு சபைக்கும் நடந்த வழக்கில், ஒலிபெருக்கி வைத்தும் டிரம் அடித்தும் மற்றவர் நிம்மதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45, ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை திறந்தவெளி ஒலிபெருக்கி கூடாது. முதலில் பாஸ்டரிடம் போய்ப் பேசுங்கள், நல்ல மனுஷர்கள் என்கிறீர்கள், ஸ்பீக்கரை உள்பக்கம் திருப்பி வைத்தாலே பாதி குறையும். கேட்கவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். ஆடி மாதம் முழுக்க விடியற்காலை 4 மணிக்கு உங்கள் தெருக்கோடிக் கோவிலில் குழாய் ஸ்பீக்கர் பாடுமே, அதற்கும் இதே விதிதான், இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் மதப் பிரச்சினை என்று யாரும் சொல்ல முடியாது.